உயிரின் உரிமையும் இறைவன் திருவருளும்

திருச்சிற்றம்பலம்



உயிர் தான் விரும்பியவாறு செயல் நிகழ்த்தும் உரிமை உடையதா? உடையதாயின், எல்லாம் வல்ல இறைவனது ஆணை அவ்வுரிமையோடு எவ்வாறு பொருந்தி நிற்கும்? இடர் வந்துழி அவன் இடைபுகுந்து காப்பான் எனின், காவாது விட்ட இடங்களுக்கு யாது விடை கூறுவது? இவ்வினாக்கள் சைவத்தார்க்கு மாத்திரம் உரியன அல்ல. இறைவன் ஒருவன் உளன், அவன் பேரருளும் பேராற்றலும் உடையன் என்று கொண்ட சமயத்தார் அனைவர்க்கும் இவை பொதுவாவன. அவருள் கிறித்தவரும் இசுலாமியரும் இவற்றை எங்ஙனம் ஆராய்ந்தனர், அவர் கண்ட முடிபுகள் நம் சித்தாந்தத்தோடு எவ்வளவில் ஒத்து எவ்வளவில் வேறுபடுகின்றன, அவ்வாராய்ச்சியால் நாம் மேற்கொள்ளத்தக்கது யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

சிவஞானசித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியர் 14 மதங்களை எடுத்து ஆராய்ந்தனர்; அவற்றுள் இவ்விரு சமயங்களும் இல்லை. பிற்காலத்தில் ஆறுமுகநாவலர் சைவதூஷணபரிகாரத்தை (1854) இயற்றியது நம் சமயத்தைப் பழித்தாரை மறுத்தற்பொருட்டு. அஃது அக்காலத்துக்கு வேண்டிய பணி. அதே நூற்றாண்டில் நம் சோழநாட்டில் மற்றொரு வழக்கும் இருந்தது. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை (1826–1889) கிறித்தவர். அவர்மீது குளத்துக்கோவை பாடியவர் சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவரை நண்பராகக் கொண்டு போற்றினர். தம் கொள்கையை நெகிழவிடாமலும் பிறர் கொள்கையை இகழாமலும் அளவளாவிய அவ்வழக்கே இங்குப் பின்பற்றப்படுகின்றது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு நம் கடற்கரையே சான்று. தாரண ஆண்டு மார்கழித் திங்கள் நிறைமதி நாளாகிய 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தில்லையிற் கூத்தப்பெருமானுக்குத் திருவாதிரை விழாக்காலம். கிறித்தவர்க்கு இயேசுநாதர் பிறப்புவிழாவின் மறுநாள். அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்திராத் தீவை அடுத்துக் கடலடி நிலம் பெயர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்சென்றபின் ஆழிப்பேரலை சோழநாட்டுக் கரையில் ஏறிற்று. அக்காலத்து நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 6,000-க்கு மேற்பட்டவர். பெரும்பாலார் மீன்பிடிக்கும் குடியினர். அவருள்ளும் பெண்டிரும் சிறாரும் பலர். வேளாங்கண்ணி ஆரோக்கியமாதா கோயிலுக்கு வந்திருந்த யாத்திரிகரும், நாகையில் நம் சமயத்தாரும், நாகூரில் முஸ்லிம்களும் ஒருங்கே துன்புற்றனர். மூன்று சமயத்தாரும் அன்று ஒரு வினாவையே வினவினர்: “இஃது இறைவன் திருவுளமா?”

அவ்வினாவுக்குக் கூறப்பட்ட விடைகள் இரு திறத்தன. வேளாங்கண்ணியிற் பெருங்கோயிலினுட் கடல்நீர் புகவில்லை. அஃது அற்புதம் என்றனர் பலர். திருச்செந்தூரிற் கடல் பின்வாங்கியது முருகப்பெருமான் அருள் என்று நம்மவரும் கூறியதுண்டு. இஃது ஒரு திறம். கோயிலினுள் நின்றார் பிழைத்தது இறைவன் இடைபுகுந்தமையால் எனின், அவ்வழிபாட்டுக்கே வந்து கரையில் நின்றார் மாண்டதற்கு யாது காரணம் கூறுவது? தரங்கம்பாடியில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டதே, அஃது அருளின்மையோ? காத்த இடத்தை மாத்திரம் எண்ணிக் காவாத இடத்தை மறப்பது அளவைநெறி ஆகாது.

மற்றைத் திறம் இதனினும் கொடியது: “அவரவர் வினை, நாம் என் செய்வது?” என்பது. இவ்வுரை பெரும்பாலும் நம்மவர் வாயினின்றே எழக் கேட்கின்றோம். இது சித்தாந்தமா அன்றோ என்பதைப் பின்னர்க் காண்போம். முன்னர்ப் பிறசமயத்தார் கண்டவற்றைக் கூறுதும்.

கிறித்தவர் கொள்கை வருமாறு. இறைவன் உலகையும் உயிர்களையும் இல்பொருளினின்று படைத்தான். உயிர்க்கு விருப்புரிமை அளித்தான். முதல் மாந்தன் அவ்வுரிமையைத் தவறாகப் பயன்படுத்தினமையால் பாவம் புகுந்தது. அப்பாவத்தினின்று எடுப்பது இறைவன் அருள். இங்கு வினா எழுகின்றது. அருளை ஏற்பதும் மறுப்பதும் உயிரின் கையிலுள்ளனவா? அகுஸ்தினார் (354–430), அருளின்றி உயிர் நன்மையை விரும்பவும் மாட்டாது என்றனர். பெலாகியர் என்பார் உயிர் தன் முயற்சியால் நன்னெறி நிற்கவல்லது என்றனர். 418-இல் கார்த்தேசு நகரிற் கூடிய சங்கம் பெலாகியர் கொள்கையை விலக்கிற்று. பின்வந்த தாமஸ் அக்வினாஸ், இறைவன் உயிரின் விருப்பத்தை அதன் இயல்புக்கு ஏற்ப உள்நின்று இயக்குதலின், அவ்வியக்கத்தால் உரிமை கெடாது, உரிமையே உண்டாகும் என்று ஒருவாறு அமைத்தனர். இவ்வமைதி நம் சித்தாந்தத்துக்குப் பெரிதும் அணித்தாய் வருவது கண்டு மகிழத்தக்கது.

அவருக்குப் பின்னரும் பிணக்கு ஓயவில்லை. எராஸ்மஸ் 1524-இல் விருப்புரிமை உண்டென எழுத, லூத்தர் 1525-இல் விருப்பு அடிமைப்பட்டதே என மறுத்தெழுதினர். கத்தோலிக்கருள்ளும் சேசு சபையார் உயிரின் இசைவை வற்புறுத்தினர். தொமினிக்கு சபையார் அருளின் முதன்மையை வற்புறுத்தினர். இவ்வழக்கு உரோமாபுரியிற் பல்லாண்டு நடந்து, 1607-இல் இருதிறத்தார்க்கும் தீர்ப்பின்றியே நிறுத்தப்பட்டது. இப்பிணக்கின் இருபுறமும் நம் நாட்டுக்கு வந்துள்ளன. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லூத்தர் மரபினர். கொள்ளிடத்தின் வடபாலுள்ள ஏலாக்குறிச்சியில் உறைந்து தமிழ் வளர்த்த வீரமாமுனிவர் (1680–1747) சேசு சபையினர். காவிரி நாட்டு மக்கள் கிறித்தவம் என ஒரு பெயராற் கேட்டதனுள் இவ்விரு குரல்களும் இருந்தன.

துன்புற்றாரைக் குறித்து அவர்தம் வேதம் கூறுவது ஒன்றனை நாம் உளங்கொளல் வேண்டும். சீலோவாம் என்னும் இடத்திற் கோபுரம் வீழ்ந்து 18 பேர் இறந்தனர். அவர் ஏனையோரினும் பாவிகளோ என்னும் எண்ணத்தை இயேசுநாதர் மறுத்தனர். பிறவிக்குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ பெற்றோர் செய்த பாவமோ என்று மாணாக்கர் வினவியபோதும் இரண்டும் அன்றென விலக்கினர். 1755 நவம்பர் 1-இல், புனிதர் அனைவர்க்கும் உரிய திருநாட்காலையில், லிஸ்பன் நகரத்து நிலம் நடுங்கிற்று, வழிபட்டு நின்றார்மேற் கோயில்கள் வீழ்ந்தன, கடலும் பொங்கிற்று. அது கண்டு ஐரோப்பிய அறிஞர் பலர் இறைவன் நன்மையையே ஐயுற்றனர். இறைவன் தண்டித்தான் என்று எளிதிற் கூறும் விடை கேட்டார் உள்ளத்தை எவ்வளவு புண்படுத்தும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

இனி இசுலாமியர் கொள்கை. இறைவன் ஒருவனே என்பதோடு, நன்மையும் தீமையும் அவன் அளவைப்படியே நிகழ்வன என்னும் நம்பிக்கையும் அவர்க்கு இன்றியமையாதது. இதனைக் கதர் என்பர். நம் நாட்டு முஸ்லிம்கள் இறைவன் நாட்டம் என்று அழகுற வழங்குவர். முதல் மாந்தனது பிழை வழிவழி வருவதாக அவர் கொள்ளார். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமவார் என்பது அவர் துணிபு. எனின், எல்லாம் அவன் அளவைப்படியாயின் உயிர்க்குப் பொறுப்பு யாங்ஙனம்? ஜபரிய்யா என்னும் கூட்டத்தார், காற்றில் அலையும் இறகுபோல உயிர் இயக்கப்படுவதே என்றனர். முஃதஸிலா என்பார், இறைவன் நீதியுடையன் ஆதலின் உயிர் தன் செயலைத் தானே செய்வது என்றனர். இவ்விரண்டற்கும் இடைநின்று பஸ்ராவிற் பிறந்த அஷ்அரி, செயலை ஆக்குபவன் இறைவன், அதனை ஈட்டிக்கொள்வது உயிர் என்றனர். இவ்வீட்டத்தைக் கஸ்பு என்பர்.

ஆக்குதல் வேறு, ஈட்டுதல் வேறு என்னும் இப்பாகுபாடு நம்மவர்க்குப் புதியதன்று. வினைப்பயனை ஊட்டுபவன் இறைவன், ஈட்டுவதும் நுகர்வதும் உயிர் என்பது நம் வழக்கு. ஆயினும் இரண்டும் ஒன்றென மயங்கற்க. அவர் கொள்கையில் உயிரின் ஈட்டும் ஆற்றலும் அவ்வப்போது இறைவனாற் படைக்கப்படுவது. நம் கொள்கையில் உயிரின் இச்சை, அறிவு, செயல் என்னும் ஆற்றல்கள் அநாதியே உள்ளன. ஆணவத்தால் மறைப்புண்டு, இறைவன் உபகரிக்க விளங்குவன.

நாட்டம் என்னும் நம்பிக்கை முஸ்லிம்களை மடியராக்கும் என்பார் உளர். அது பொருந்தாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்புவதா என்று வினவியவர்க்கு, முன்னர்க் கட்டுக, பின்னர் நம்புக என நபிகள் நாயகம் விடை பகர்ந்ததாக அவர் மரபு கூறும். நீரில் மூழ்கி மாண்டவர் ஷஹீது என்னும் உயர்நிலை எய்துவர் என்பதும் அவர் மரபே. எனவே கடல் கொண்டாரைக் குற்றவாளிகளாகக் காண அச்சமயம் இடந்தரவில்லை.

இவ்விரு சமயத்தார்க்கும் பொதுவாய் நிற்கும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. உயிரை இறைவன் இல்பொருளினின்று படைத்தான் எனின், அவ்வுயிரின்கண் தீமையை நாடும் இயல்பு எங்கிருந்து வந்தது? அவனே வைத்தான் எனில் அவன் நன்மைக்கு இழுக்கு. தானே வந்தது எனில் அவன் முதன்மைக்கு இழுக்கு. சித்தாந்தம் இதனை வேரிலேயே தீர்க்கின்றது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி. உயிரைப் பற்றிய ஆணவம் செம்பிற் களிம்புபோல இயல்பிலேயே உள்ளது, இறைவன் வைத்ததன்று. அதனை நீக்குதற்பொருட்டே அவன் ஐந்தொழில் இயற்றுகின்றான். மறைத்தலும் அருளே ஆவது இதனால் என்க.

உரிமை நிற்கும் முறையும் இவ்வாறே தெளியப்படும். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் கதிரவன் ஒளியின்றிக் காணாது. கதிரவன் கண்ணுக்காகத் தான் காண்பதுமில்லை. இதனையே காண்க எனக் கண்ணை வலிப்பதுமில்லை. இறைவனோ பொருளைக் காட்டும் உபகாரத்தோடு, உயிரின் அறிவினுள் உடனின்று காணும் உபகாரமும் செய்கின்றான். கதிரவன் உவமை அவ்வளவிற் குறைபட்டது. காவிரி நீர் ஒன்றே. மடை திறந்தவழிப் பாய்ந்து நெல்லையும் வளர்க்கின்றது, களையையும் வளர்க்கின்றது. நீரின்றி இரண்டும் இல்லை. ஆயினும் களைக்கு நீரைப் பழிப்பார் இலர், களையாத உழவனையே பழிப்பர். இறைவனோடு அத்துவிதமாய் நின்று இயங்கும் உயிரின் செயல் அத்தன்மையது. முழுவதும் தன்வயம் உடைமை இறைவனுக்கே உரியது. உயிர் சார்ந்ததன் வண்ணம் ஆவது. மலத்தைச் சார்வதா, அருளைச் சார்வதா என்னும் அளவில் அதற்கு உரிமையும் பொறுப்பும் உள.

இதனால் ஒன்று பெறப்படும். இடைபுகுதல் என்பது புறத்தே நின்றான் ஒருவன் உள்ளே நுழைதல். உயிரோடு என்றும் பிரிவற நிற்பவன் எங்கிருந்து எங்கே புகுவது? நம் சித்தாந்தத்திற்கு அருள் எப்போதோ ஒருகால் நிகழும் இடையீடன்று. எப்போதும் உள்ள நிலை.

அற்றேல், திருநாவுக்கரசு சுவாமிகளைக் கல்லோடு கடலில் இட்டபோது கல் மிதந்ததே. அஃது இடைபுகுதல் அன்றோ எனின், கூறுதும். அருளோடு இரண்டறச் சார்ந்த உயிரின்கண் அவ்வருளே வெளிப்பட்டு நின்றது. புறத்தினின்று புதிதாக வந்ததன்று. இதனினும் நமக்கு வழிகாட்டியாவது திருவீழிமிழலை நிகழ்ச்சி. சோழநாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. ஆளுடைய பிள்ளையாரும் அரசும் அங்கே எழுந்தருளியிருந்தனர். இறைவன் உடனே மழையைப் பெய்வித்தானோ? இல்லை. நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு பலிபீடத்தில் வைத்தருளினன். அக்காசு கடைவீதிக்குச் சென்றது. அரிசியும் பருப்பும் காய்கறியும் ஆயிற்று. அடியார் கையாற் சமைக்கப்பட்டு அடியார்க்கு அமுதாயிற்று. பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையதாய் இருந்தமையின் அமுதூட்டுதற்குக் காலந்தாழ்ந்தது என்பதையும் சேக்கிழார் மறையாது கூறுகின்றார். இறைவன் அளித்த காசும் சந்தையின் வாசிக்கு உட்பட்டது! அருள் மக்கள் கையை விலக்கிவிட்டு வேலை செய்வதன்று. அக்கையின்வழியே செய்வது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, முன்னர் நிறுத்திய உரைக்கு வருவோம். துன்பம் வினைப்பயன் என்பது சித்தாந்தமே, அதில் ஐயமில்லை. பூதங்கள் வாயிலாக வரும் துன்பத்தை ஆதிபௌதிகம் என நம் நூல்கள் வகுத்தும் வைத்தன. ஆயினும், “அவர் வினை, நாம் என் செய்வது?” என்பது சித்தாந்தம் அன்று. என்னை? இன்ன உயிர்க்கு இன்ன வினை இன்னபோது பயன்தரும் என்று அறிபவன் இறைவன் ஒருவனே. வினை அறிவில்லாதது, உயிர் சிற்றறிவினது. ஆகலானே ஊட்டுதற்கு இறைவன் வேண்டும் என்று நாம் வாதித்து நிறுவுகின்றோம். அங்ஙனம் நிறுவிய நாமே பிறன் வினையைக் கண்டறிந்தார்போலத் தீர்ப்புக் கூறுவோமாயின், நம் வாதத்தை நாமே அழித்தவர் ஆவோம். மேலும், அவர்க்கு வந்த துன்பம் அவர் பிராரத்தம் ஆகுக. அதனைக் கண்டு நாம் செய்வதும் செய்யாமையும் நமது ஆகாமியம் அன்றோ? கையைக் கட்டி நின்றமையும் ஒரு வினையே. அதன் பயன் நம்மை நாடி வரும்.

உதவுதல் இறைவன் ஊட்டும் முறைக்கு மாறாகாதோ எனின், ஆகாது. துன்பம் ஒருவர்க்கு ஊட்டப்படுவதுபோல, அத்துன்பத்தினிடையே கிடைக்கும் உதவியும் அவர்க்கு ஊட்டப்படுவதே. அதனை ஊட்டும் கருவியாம் பேற்றை இறைவன் நமக்கு அளிக்கும்போது, வேண்டா என்று விலகுவது அறியாமை.

இதனை நாம் புதிதாகக் கூறவில்லை. திருஞானசம்பந்த மூர்த்திகள் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியபோது, அந்நாட்டுக் குளிர்சுரம் உடன்வந்த அடியார்களைப் பற்றிற்று. அப்பொழுது அருளிய திருநீலகண்டத் திருப்பதிகத்தின் தொடக்கமே இப்பொருள் பற்றியது. அந்த வினைக்கு இந்தப் பயன் என்று சொல்லுவதை அறிந்திருந்தும், அதனின்று உய்யும் வழியைத் தேடாதிருப்பது உங்களுக்குக் குறை அன்றோ என்று பிள்ளையார் வினவுகின்றார். கைத்தொண்டு செய்து இறைவனைப் போற்றுமாறும் பணிக்கின்றார். அடுத்த திருப்பாட்டிற் சோலை வைத்தலும் குளம் தோண்டுதலும் ஆகிய அறங்கள் சுட்டப்படுகின்றன. வினைக்கொள்கையைச் சொல்லிவிட்டு அமர்ந்திருப்பாரை இடித்துரைத்தவர் பிறசமயத்தார் அல்லர், நம் பரமாசாரியரே. சீலோவாம் உரையையும் ஒட்டகத்தைக் கட்டுக என்னும் உரையையும் மெச்சிய நாம், அவற்றினும் தெளிந்த ஆணை நம் திருமுறையிலேயே இருத்தலை மறத்தலாகாது.

கடல் கொண்ட அம்மக்கள் யாவர் என்பதையும் சிந்தித்தல் வேண்டும். நாகை நுளைப்பாடியில் தோன்றியவர் அதிபத்த நாயனார். வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டவர். மீன்வளம் குன்றி, நாளைக்கு ஒரு மீனே கிடைத்து, சுற்றம் பசியால் வாடியபோதும் அவ்வொன்றையே விட்டார். ஈற்றில் மணிபதித்த பொன்மீன் ஒன்றே வந்தபோதும் அதனையும் விட்டார். அவரை வலிந்தவர் யார்? இறைவன் நிலையைத் தந்தான், தேர்வு அவருடையது. உயிரின் உரிமைக்கும் திருவருளுக்கும் உள்ள இயைபு எத்தனை நூலாலும் இதனினும் விளங்காது. காரோணத் திருக்கோயிலில் அவர்க்கு விழா எடுத்துப் பொன்மீனைக் கடலில் விடுகின்றோம். அவர் குலத்தார் குடிசைகள் அழிந்தபோது வினை என்று கூறி ஒதுங்குதல் அவ்விழாவைப் பொய்யாக்குதல் அன்றோ?

நாகூர் தர்காவின் உயர்ந்த மனோராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிங்கர். அத்தர்காவினர் ஆழிப்பேரலைக்குப்பின் தம் நிலத்தில், இறந்தார் எச்சமயத்தார் என்று பாராது அடக்கம் செய்ய இடந்தந்தனர். அங்குள்ள முஸ்லிம் இளைஞர் தாமே பிணங்களை எடுத்துச் சுமந்தனர். இறைவன் நாட்டம் என்பதை அவர் விளக்கிய முறை அது. அவர் தத்துவத்தோடு நமக்கு வேறுபாடு உண்டு. அச்செயலோடு யாது வேறுபாடு?

அறிவால் ஆவதும் கைத்தொண்டே. நிலம் பெயர்ந்ததற்கும் அலை ஏறியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், அறிவிப்பார் இன்மையால் ஆயிரக்கணக்கான உயிர்கள் மாண்டன. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு நிலையம் அமைந்தது. 2018 நவம்பர் 16-இல் திருமறைக்காட்டை ஒட்டிக் கஜாப் புயல் கரையேறியபோது, பல்லாயிரவர் முன்னரே காப்பிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பெற்றனர். தென்னந்தோப்புகள் வீழ்ந்தன; ஆயினும் காக்கப்பட்ட உயிர்கள் பல. அவ்வறிவும் இறைவன் காட்டும் உபகாரத்தால் வந்ததே. அதனை ஏற்று எழுந்தது உயிரின் உரிமை.

ஆகலின் மடாலயத்துப் பெரியோர்க்கும் சித்தாந்தம் பயிற்றும் ஆசிரியர்க்கும் யாம் விண்ணப்பிப்பது இது. வினையியலைப் பாடஞ்சொல்லும் நாளில் அதனோடு திருநீலகண்டத் திருப்பதிகத்தையும் சேர்த்தே சொல்லுக. வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்குரிய மருந்து. பிறன் துன்பத்தை அளக்கும் கோல் அன்று. தன்னை நோக்கியவழி அது பொறுமையையும் பணிவையும் தரும். பிறனை நோக்கியவழி அருளையே தரல் வேண்டும். மகவை இழந்த தாய் ஒருத்தி மடத்து வாயிலில் நின்று “ஏன்?” என்று கேட்பாளாயின், அவளுக்கு முதலில் வேண்டுவது சஞ்சிதமும் பிராரத்தமும் அல்ல, ஒரு பிடி சோறும், இருக்க ஓர் இடமும், உடனிருந்து கேட்கும் செவியுமே. இறைவன் உயிர்களோடு உடனாய் நிற்பவன் என்பது நாம் நாள்தோறும் ஓதும் உண்மை. அவ்வுண்மையை ஓதினார், இடருற்றாரோடு தாமும் உடனாய் நிற்றலே ஓதியதன் பயன். அப்பயனை எல்லாம்வல்ல கூத்தப்பெருமான் நமக்கு அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்